ஓர் அடி அகலம் செய்யும் மாயம்

கிடர்பூருக்கு வருகிறவர்கள் கப்பல் பார்க்கத்தான் வருகிறார்கள். தூக்குப்பாலம் மேலே எழும்ப, இரு பக்கமும் லாரிகள் வரிசையாக நிற்க, ஒரு சரக்குக் கப்பல் ஊருக்கு நடுவே நகர்ந்து போகும் காட்சிக்கு யார்தான் வாய் பிளக்க மாட்டார்கள்! பாருங்கள், ஆசை தீரப் பாருங்கள். பார்த்து முடித்ததும் தயவுசெய்து ஆற்றுப் பக்கம் வாருங்கள். டாலி நாலா என்று பெயர் மாறிய ஆதிகங்கை ஹூக்ளியில் வந்து விழும் இடத்தை ஒட்டி, சேற்றுக்கரையில் முன்முனையான அணியத்தை மேலே தூக்கிக்கொண்டு ஒரு மீன்பிடி டிங்கி நிற்கும். இன்றைக்குக் கதாநாயகி அதுதான். அதன் அடிப்பகுதிக்குள் உங்களை அழைத்துப் போகப் போகிறேன்.

மழைக்காலத்தில் அந்த டிங்கியில் இலிஷ் மீன் வலை இழுப்பதைப் பாருங்கள். ஆட்கள் எல்லோரும் ஒரே பக்கம் வந்து நிற்பார்கள். நனைந்த வலை முழுதும் அதே பக்கம் ஏறும். படகு சாயும், விளிம்பு இறங்கும், இதோ தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்று கரையில் நிற்கும் நமக்கு மூச்சு நிற்கும். படகோ இறங்கிய வேகத்தில் ஓர் இடத்தில் நின்று, திரும்பவும் நிமிர்ந்துவிடும்! அந்த நிமிர்வுக்குப் பின்னால் எந்தப் பொறியும் இல்லை. அகலம், ஆழம், பளு நிற்கும் உயரம் ஆகிய மூன்றுக்கும் இடையிலான ஒரு விகிதம்தான் அத்தனை வேலையும் செய்கிறது. இந்த விகிதத்தைப் படகு கட்டும் மிஸ்திரிகள் தாளில் எழுதாமலே மரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நினைக்க நினைக்க எனக்குப் புல்லரிக்கிறது.

கப்பலின் விகிதத்துக்கும் கிடர்பூருக்கும் பழைய உறவு உண்டு. 200 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே ஜேம்ஸ் கிட் என்பவரின் கப்பல் கட்டும் தளம் இருந்தது. தந்தை ஆங்கிலேயப் படைப் பொறியாளர், தாய் இந்தியப் பெண். 74 பீரங்கிகள் தாங்கும் 'ஹேஸ்டிங்ஸ்' என்ற போர்க்கப்பல் 1818இல் இங்கேதான் தண்ணீரில் இறங்கியது. 1823இல் 'டயானா' என்ற நீராவிக் கப்பல் இறங்கியது. அடுத்த ஆண்டே அது முதல் பர்மியப் போருக்குப் புறப்பட்டு, ஐராவதியில் புகை கக்கிக்கொண்டு போனது. 1892இல் கிடர்பூர் டாக் திறந்தது. ஹூக்ளியின் ஏற்ற வற்றத்துக்கு இடையே கப்பல் மட்டம் மாறாமல் நிற்க, ஆற்றுக்கும் டாக்குக்கும் நடுவே பூட்டுக் கதவுகள் வைத்தார்கள். கொஞ்சம் கீழே போனால் கார்டன் ரீச். 1884இல் சிறு பட்டறையாகத் தொடங்கி, 1960இல் அரசுடைமையாகி, இன்றைக்குப் போர்க்கப்பல்களைக் கட்டித் தள்ளும் தளம் அங்கே இருக்கிறது.

இத்தனை பெரிய கப்பல்களுக்கு நடுவே அந்தச் சின்ன டிங்கியை ஏன் பிடித்துக்கொண்டேன்? பெரிது என்பதாலேயே எதுவும் கவிழாமல் இருந்துவிடாது, அதனால்தான். 2022 மார்ச் 24 அன்று, கிடர்பூரை அடுத்த நேதாஜி சுபாஷ் டாக்கில் 'மரைன் டிரஸ்ட் 01' என்ற வங்கதேசக் கப்பல் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டிருந்தது. அலை இல்லை, புயல் இல்லை, பூட்டுக் கதவுக்கு உள்ளே அசையாத தண்ணீர். அங்கேயே சாய்ந்தது, சாய்ந்து படுத்துவிட்டது. கன்டெய்னர்கள் தண்ணீரில் மிதந்தன. நிமிர்ந்து நிற்பதற்குக் கப்பலின் எடையோ விலையோ உதவுவதில்லை.

அப்படியானால் எது உதவுகிறது? இதற்கு விடை எழுதியவர் பியர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர். எழுதிய இடத்தைக் கேட்டால் துள்ளிக் குதிப்பீர்கள். பூமியின் வடிவத்தை அளக்கப் போன அறிவியல் குழுவோடு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் ஆண்டுக்கணக்கில் இருந்தபோது, கடலைவிட்டு அத்தனை உயரத்தில் உட்கார்ந்து, கப்பல் ஏன் கவிழ்வதில்லை என்று எழுதிக்கொண்டிருந்தார் மனிதர்! நூல் 1746இல் வெளிவந்தது. மெட்டாசென்டர் என்ற புள்ளியை உலகுக்குக் கொடுத்தது அதுதான்.

அந்தப் புள்ளியை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். விட்டத்தில் கட்டிய தூளிக்குள் குழந்தை படுத்திருக்கிறது. கொக்கி மேலே, பளு கீழே. எப்படி ஆட்டினாலும் தூளி நடுவுக்கே திரும்பும். படகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கியில்தான் தொங்குகிறது. அந்தக் கொக்கிதான் மெட்டாசென்டர். படகின் எடை முழுதும் ஒன்றுகூடும் எடைமையம் அதற்குக் கீழே இருக்கும்வரை படகு தானே நிமிரும். எடைமையம் கொக்கிக்கு மேலே ஏறிவிட்டால் படகு நேராக நிற்க மறுக்கும். இரண்டுக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறதோ, அதுவே அந்தப் படகின் கையிருப்பு. 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள ஒற்றைத்தள மீன்பிடிக் கப்பல்களுக்கு சர்வதேச விதி கேட்கும் கையிருப்பு குறைந்தது 35 செ.மீ. அவ்வளவு பெரிய கப்பலுக்கே ஒரு முழத்தைவிடக் குறைவு!

கொக்கியின் உயரத்தைத் தீர்மானிப்பது முக்கியமாகப் படகின் அகலம். இங்கேதான் மேடைக்குப் பின்னால் இருக்கும் பெரிய ரகசியம் வருகிறது. தண்ணீர் மட்டத்தில் படகின் அகலம் இரண்டு மடங்கானால் நிமிர்த்தும் வலு இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. அகலம் மூன்று முறை தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு அந்தக் கணக்கில் நுழைகிறது. நீளத்தைக் கூட்டினால் கூட்டிய அளவுக்கே பலன். அகலத்தைக் கூட்டினால் கொண்டாட்டம்!

ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். எளிமைக்காகப் படகைப் பெட்டி வடிவில் எடுத்துக்கொள்கிறேன். நீளம் 6 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், விளிம்புவரை உயரம் 55 செ.மீ., ஆட்களும் வலையும் சேர்த்து மொத்த எடை 2,700 கிலோ, எடைமையம் அடிப்பலகையிலிருந்து 50 செ.மீ. மேலே. இது தண்ணீரில் 30 செ.மீ. அமிழும். விளிம்பு நீருக்கு மேலே 25 செ.மீ. நிற்கும். கொக்கிக்கும் எடைமையத்துக்கும் இடைவெளி 27½ செ.மீ. இப்போது நாலு பேரும் நனைந்த வலையுமாக 340 கிலோ நடுவிலிருந்து 70 செ.மீ. பக்கவாட்டில் நகர்கிறது. படகு ஏறக்குறைய 16 பாகை சாய்கிறது. விளிம்பு 22 செ.மீ. இறங்குகிறது. மிச்சம்? 3 செ.மீ.! ஒரு பரிசல் கடந்துபோய் எழுப்பும் சிற்றலை போதும், தண்ணீர் உள்ளே.

அதே எடை, அதே நீளம், அதே உயரம். அகலத்தை மட்டும் ஓர் அடி கூட்டி 1.8 மீட்டர் ஆக்குங்கள். படகு 25 செ.மீ.தான் அமிழும். கையிருப்பு 27½ செ.மீ.யிலிருந்து 70½ செ.மீ.க்குத் தாவுகிறது. இரண்டரை மடங்கு! இப்போது அதே நாலு பேரும் வலையும் இன்னும் தள்ளி, 85 செ.மீ. தூரத்தில் புது விளிம்பை ஒட்டிப் போய் நின்றாலும் சாய்வு எட்டரைப் பாகைதான். விளிம்பு இறங்குவது 13 செ.மீ. மிச்சம் 17 செ.மீ. ஓர் அடிப் பலகை செய்த வேலை இது. இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டவர் எவரானாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அப்படியானால் எல்லாப் படகையும் அகலமாகக் கட்டிவிடலாமே? அதுதான் முடியாது, அங்கேதான் இது சுவையாகிறது. அகலப் படகு நிமிரும்போது வெடுக்கென்று நிமிரும். நம் குறுகிய படகு ஒருமுறை இடமும் வலமுமாக ஆடி முடிக்க 2.3 விநாடி எடுத்தால், அகலப் படகு 1.7 விநாடியில் முடித்துவிடும். அதன்மேல் நின்று வலை இழுக்கிறவரின் முழங்காலைக் கேட்டால் தெரியும். துடுப்புப் போடும் தோளுக்கும் அகலம் பிடிக்காது. நீரோட்டத்தை எதிர்த்து அகலப் படகைத் தள்ளுவது பெரும்பாடு. வங்காளத்தின் பழைய சிப் படகுகள் நேர் எதிர்ப்பக்கம் போனவை: நீளமோ நீளம், அகலம் சொற்பம், வேகம் பறக்கும் வேகம். அந்தக் காலத்துக் கொள்ளைக்காரர்களுக்கும் பந்தயக்காரர்களுக்கும் அதுதான் பிடித்தமானது. அதில் துடுப்புப் போடுகிறவர்கள் வரிசையாகத் தாழ உட்கார்ந்திருப்பார்கள். எடைமையம் கீழே வர அவர்களின் உடம்பே அடிபாரம். எல்லோரும் எழுந்து நின்றால் கதை முடிந்தது.

இன்னொரு கோடியில் இருப்பது தாலேர் டோங்கா. நம் பனைமரமேதான்! பனையின் பருத்த அடிமரத்தைப் பிளந்து குடைந்து, குளத்திலும் வெள்ளம் நின்ற வயலிலும் தள்ளிக்கொண்டு போவார்கள். மரம் எவ்வளவு பருமனோ அவ்வளவுதான் அகலம், அதற்குமேல் மிஸ்திரி கையில் எதுவும் இல்லை. அதனால் அதில் ஏறுகிறவர் உடம்பால்தான் சமநிலை பிடிக்க வேண்டும். வங்காளத்துக் கிராமத்துப் பிள்ளைகள் அதில் போகும் லாகவத்தைப் பார்க்கக் கண் இரண்டு போதாது.

டிங்கி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதைக் கட்டும் விதமே தனி அதிசயம். ஹூக்ளி மாவட்டத்துப் பலாகரில் தலைமுறை தலைமுறையாகப் படகு கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே முதலில் எழுவது ஓடு. அடிமரத்தை வைத்து, அதன் இரு பக்கமும் பலகைமேல் பலகையாக விளிம்போடு விளிம்பு சேர்த்து, பட்டையான இரும்புக் கவ்வாணிகளால் கோத்துக்கொண்டே மேலே வருவார்கள். வளைய மறுக்கும் பலகைக்கு நெருப்புச் சூடு காட்டுவார்கள். முட்டுக் கொடுத்தும் கயிறு கட்டி முறுக்கியும் அகலத்தை விரிப்பார்கள், அல்லது ஒடுக்குவார்கள். உள்ளே விலா எலும்புபோல் நிற்கும் வங்குகள் அதற்குப் பிறகுதான் வரும், ஓட்டின் வளைவுக்கு ஏற்பச் செதுக்கப்பட்டு. யோசித்துப் பாருங்கள்: பூகே மலையுச்சியில் உட்கார்ந்து கணக்கிட்ட அந்த அகலத்தை இங்கே ஒருவர் முட்டுக் கட்டையைத் தட்டித் தட்டிக் கண்ணால் முடிவு செய்கிறார்! வரைபடம் கிடையாது. நடு அகலம் ஓர் அடி கூடினால் என்ன ஆகும் என்பது அவர் கைக்குத் தெரியும்.

நம் ஊரில் இதே வேலை தலைகீழாக நடக்கும். பாக் நீரிணைக் கரையில், அதிராம்பட்டினம் பக்கத்து வத்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சீன் மெக்ரெய்ல் என்ற படகுத் தொல்லியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1990களில் அவற்றை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார்கள். ஏரா என்னும் அடிமரத்தை இட்டு, வங்குகளை முதலில் நிறுத்தி, அதன்மேல்தான் பலகை அறைகிறார்கள். வங்கின் வளைவை முன்கூட்டியே கோடு போட்டுத் தீர்மானித்துவிடுகிறார்கள். ஆக, வங்காளத்தில் விகிதம் பலகை ஏற ஏறப் பிறக்கிறது. தமிழ்க் கரையில் வங்கு நிற்கும்போதே பிறந்துவிடுகிறது. இரண்டு வழியும் தண்ணீரில் வந்து ஒரே சோதனைக்குத்தான் தலைகொடுக்கின்றன.

வத்தையின் தந்திரத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஆழமற்ற கடல், ஆகவே தட்டையான அடி. பாய் விரிப்பதால் காற்று ஒரு பக்கம் அமுக்கும், ஆகவே அகலம் வேண்டும். அகலம் கூட்டினால் வேகம் போகும். என்ன செய்தார்கள்? படகுக்குக் குறுக்கே இரு பக்கமும் நீண்டு வெளியே துருத்தும் ஒரு பெரிய பலகையை வைத்தார்கள்! காற்று எந்தப் பக்கம் அமுக்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஆட்கள் பலகைமேல் ஏறி வெளியே நகர்வார்கள். காற்று வலுத்தால் இன்னும் வெளியே. படகின் உடம்பு குறுகியது, வேகமானது. அகலத்தின் பலனை மட்டும் வேண்டியபோது மனிதர்களின் எடை கொண்டுவந்து தருகிறது. இதை ஆங்கிலேயர் காலத்தில் வியந்து எழுதியவர் ஜேம்ஸ் ஹார்னெல், மதராஸ் மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்தவர். இந்தியப் படகுகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய ஆய்வு 1920இல் வெளிவந்தது. வெளியிட்டது எது தெரியுமா? கல்கத்தாவின் ஆசியவியல் கழகம். மதராஸ் கடற்கரையின் படகறிவு அச்சேறியது கிடர்பூருக்குக் கூப்பிடு தூரத்தில்!

ஹார்னெலுக்கு 100 ஆண்டுகளுக்கும் மேல் முன்பே இதே ஆற்றங்கரையில் ஒருவர் படகுகளை வரைந்து தள்ளியிருக்கிறார். பால்தாசார் சோல்வின்ஸ். ஆன்ட்வெர்ப்பில் கடலும் கப்பலும் வரைந்து பழகிய ஓவியர். 1791 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் போலக் கல்கத்தாவில் இருந்தார். அவருடைய செதுக்கோவியங்களில் வங்காளப் படகுகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. கண்ணுக்கு நேரே மரத்தில் பார்க்க வேண்டுமா? காங்குர்காச்சியில் அம்பேத்கர் பவனுக்குப் போங்கள். வங்காளப் படகுகளின் மாதிரிகளை மட்டுமே வைத்து 2014இல் ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். படகியல் ஆய்வாளர் ஸ்வரூப் பட்டாச்சார்யாவின் உழைப்பு அதில் இருக்கிறது. எல்லா மாதிரிகளையும் அணியத்துக்கு நேரே நின்று பாருங்கள், பக்கவாட்டில் அல்ல. அப்போதுதான் அகலமும் அடியின் வளைவும் பேசும்.

இனி ஆற்றோடு கீழே போவோம். இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

கிடர்பூரிலிருந்து கடலை நோக்கிப் போகும் வழியில் தாமோதரும் ரூப்நாராயணும் ஹூக்ளியோடு கலக்கும் இடத்தில் ஒரு மணல்திட்டு இருக்கிறது. பெயர் ஜேம்ஸ் அண்ட் மேரி. 1694இல் அங்கே தொலைந்துபோன 'ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி' என்ற கப்பலின் பெயர் அது. மாலுமிகள் அதன் பெயரைக் கேட்டாலே நடுங்கினார்கள். கப்பலின் ஆழ்ந்த அடி மணலில் சிக்கிக்கொள்ளும். ஆனால் மேலே ஓதத்தின் வேகம் உடம்பைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கால் சிக்கியது, தோள் தள்ளப்பட்டது. சில நிமிடங்களில் கப்பல் உருண்டுவிடும். ஆழமான அடி திறந்த கடலில் எத்தனை நல்லதோ, இந்தத் திட்டில் அத்தனை ஆபத்து. டிங்கி இங்கே சறுக்கிக்கொண்டு மேலே ஏறிவிடும். மேலே தூக்கிய அணியமும் உருண்ட அடியும் அதற்காகத்தான்.

ஆனால் அதே தண்ணீரில், ரூப்நாராயண் முகத்துவாரத்தை ஒட்டி, டிங்கியின் குணத்துக்கு முற்றிலும் மாறான ஒரு படகு பிறந்தது. சோட் என்று பெயர். ஹவுரா மாவட்டத்து ஷ்யாம்பூர் பக்கம் கட்டினார்கள். வங்காளப் படகுகளின் அடி பெரும்பாலும் உருண்டோ தட்டையாகவோ இருக்கும். சோட்டின் அடி 'வி' வடிவில் கூர்ந்து இறங்கும். பெருக்கெடுத்து வரும் ஓதத்தையும் குறுக்கலைகளையும் கிழித்துக்கொண்டு போகிற உடம்பு. மோட்டார் படகுகள் வந்த பிறகு அதைக் கட்டச் சொல்லிக் கேட்பாரில்லை. முற்றாக மறைவதற்குள், 2022இல், எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் ஜான் கூப்பரும் ஸ்வரூப் பட்டாச்சார்யாவும் மற்ற ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் மியூசியத்தின் நிதி உதவியோடு டிஹிமண்டல் படித்துறையில் ஒரு சோட்டைப் புதிதாகக் கட்டச் செய்து, முதல் பலகையிலிருந்து கடைசி ஆணிவரை படம் பிடித்துவிட்டார்கள். கட்டியவர்கள் அந்தக் கரையின் மிஸ்திரிகளேதான். எவ்வளவு நிம்மதி! அந்தக் கை அசைவுகள் இனி தொலையாது.

'வி' அடியின் கணக்கைக் கேளுங்கள், இதில் ஒரு விருந்து இருக்கிறது. பெட்டி வடிவப் படகில் மீன் ஏற ஏற அது அமிழும், அகலமோ அப்படியே நிற்கும். அமிழ்ந்த பகுதியின் நடுப்புள்ளியான மிதப்பு மையத்துக்கு மேலே கொக்கி நிற்கும் உயரம் குறைந்துகொண்டே போகும். எடை 21 விழுக்காடு கூடினால் அந்த உயரம் சுமார் 17 விழுக்காடு குறைந்துவிடும். 'வி' வடிவம் அமிழ அமிழத் தண்ணீர் மட்டத்தில் அகலமாகிக்கொண்டே வரும். அதே 21 விழுக்காடு எடை ஏறினால் அகலம் 10 விழுக்காடு கூடும், அந்த உயரமும் 10 விழுக்காடு கூடும்! வலை நிறைய மீன் விழுந்த நாளில், கரை திரும்பும் கனத்த படகு தன் காலை இன்னும் அகட்டி ஊன்றிக்கொள்கிறது. மேல்நோக்கி விரியும் பக்கங்கள் உள்ள எல்லாப் படகுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. டிங்கியின் பக்கங்களும் வெளியே விரிந்துதான் நிற்கின்றன. சாயும்போது சாய்ந்த பக்கத்தில் அகலம் கூடுகிறது, அதனால்தான் நாம் முதலில் பார்த்த அந்த நிமிர்வு.

உருண்ட அடிக்கு இன்னொரு பெருமை உண்டு, அதை வெளியிலிருந்து பார்க்கவே முடியாது. உள்ளே எட்டிப் பாருங்கள். எந்த மரப்படகிலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கசிவு, மழை, வலையிலிருந்து வடிவது. தட்டையான அடியில் இந்தத் தண்ணீர் முழு அகலத்துக்கும் பரவி நிற்கும். படகு சற்றே சாய்ந்ததும் மொத்தமும் சாய்ந்த பக்கத்துக்கு ஓடும். ஓடும் தண்ணீரும் அகலத்தின் அதே மும்மடிப் பெருக்கத்தில்தான் கெடுதல் செய்கிறது. நம் 1.5 மீட்டர் பெட்டியில் அடி முழுதும் தண்ணீர் பரவினால் அது தின்னும் கையிருப்பு 62½ செ.மீ. இருப்பதோ வெறும் 27½! படகு நேராக நிற்கவே மறுக்கும். ஏதாவது ஒரு பக்கம் போய்ச் சாய்ந்துகொள்ளும். உருண்ட அடியிலோ தண்ணீர் நடுவில் ஒரு குறுகிய குட்டையாக ஒதுங்கிவிடும். குட்டையின் அகலம் படகின் அகலத்தில் பாதி என்றால், தின்பது எட்டில் ஒரு பங்கு, எட்டு செ.மீ.க்கும் குறைவு. அந்தக் குட்டையில் பட்டையை வைத்து இறைத்து வெளியே ஊற்றுவதும் எளிது.

அந்த இறைப்பட்டைக்கு வங்காளத்தில் செவுத்தி என்று பெயர், அதற்கு இலக்கியத்திலும் இடம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பாரதசந்திரர் எழுதிய 'அன்னதாமங்கல'த்தில், ஈஸ்வரி பாட்னியின் ஓடத்தில் ஏறிய தேவி செவுத்தியின்மேல் பாதம் வைத்ததும் அது பொன்னாகிவிடுகிறது. ஓடத்தில் எத்தனையோ பொருள் இருக்க, பொன்னாவதற்கு அதுதானே வாய்த்தது! படகின் கையிருப்பை வாரி வாரிக் காப்பாற்றும் பொருள், அதற்கு அந்த மரியாதை தகும்.

இப்போதெல்லாம் இந்த ஆற்றில் துடுப்பை விடப் பட்பட் சத்தம்தான் அதிகம். நாட்டுப்படகில் டீசல் எஞ்சினைப் பொருத்தினால் பட்பட்டி தயார். எஞ்சினைத் தாழ வைத்தால் அது அடிபாரமாகி உதவும். ஆனால் எஞ்சின் வந்ததும் கூடவே மேலே கூரை வருகிறது, கூரைமேல் சாமான் வருகிறது, சாமான்மேல் ஆளும் வருகிறார். எடைமையம் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக ஏறுகிறது. உடம்பின் அகலமோ துடுப்புக் காலத்தில் தீர்மானித்த அகலம்தான். எஞ்சின் பொருத்தும் நாளிலேயே மிஸ்திரியைக் கூப்பிட்டு அகலத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு படகுக்காரரின் கையையும் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது எனக்கு.

மேடைக்குப் பின்னால் அழைத்து வந்துவிட்டு ஒரு வித்தையும் கற்றுத்தராமல் அனுப்பினால் நன்றாக இருக்காது. கரையில் கட்டிய ஏதாவது ஒரு டிங்கியைத் தேர்ந்தெடுங்கள். அகலத்தைக் கண்ணால் மதிப்பிடுங்கள். யாராவது அதில் ஏறி இறங்கும்போது அது ஆடும் அல்லவா? இடம் போய் வலம் வந்து மீண்டும் தொடங்கிய இடத்துக்கு வர எத்தனை விநாடி என்று கைபேசியில் பாருங்கள். பத்து ஆட்டத்தை எண்ணிப் பத்தால் வகுத்தால் துல்லியம் கூடும். அகலத்தை மீட்டரில் வைத்து 0.8 ஆல் பெருக்கி, விநாடியால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். கிடைப்பது கையிருப்பு, மீட்டரில்! கரையைவிட்டு இறங்காமல், படகைத் தொடாமல், அதன் வயிற்றுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கொக்கியை அளந்துவிட்டீர்கள். 1.5 மீட்டர் அகலம், 2.3 விநாடி என்றால் விடை 27 செ.மீ. சொச்சம். நாம் முதலில் பார்த்த அதே படகு.

அதே படகு மாலையில் திரும்பும்போது மறுபடி எண்ணுங்கள். 600 கிலோ மீனும் ஈரவலையும் அடியிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் குவிந்திருக்கிறது என்று வையுங்கள். ஆட்டம் 3 விநாடியாக நீண்டிருக்கும். பார்ப்பதற்கு மெல்ல, சொகுசாக ஆடுவது போலிருக்கும். உள்ளே கையிருப்பு 16 செ.மீ.யாகச் சுருங்கியிருக்கிறது, விளிம்பு நீருக்கு மேலே 18 செ.மீ.தான் நிற்கிறது. படகுக்காரர் அந்த நேரத்தில் எழுந்து நிற்காமல், வலைக்குவியலின் ஒரு பகுதியை இழுத்து அடிப்பலகையில் தள்ளிவிட்டு, தானும் தாழ உட்கார்ந்து சுக்கானைப் பிடிக்கிறாரா என்று கவனித்துப் பாருங்கள்.